டீ ஊற்றுகிறவர் வாய் திறக்கக் கூடாது

எங்கள் கரும்பு ஊரான மிர்ராபாவில் மழை பிடித்தால் தவளைகூட வீட்டுக்குள் வந்து கால்மிதியில் கால் துடைத்துக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, அங்கேயே ஐம்பத்தெட்டு வயது வரை வேர்த்துக்கொண்டிருந்த மெர்வின் டகன் எழுதிய முதல் கதையில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. மெர்வின் வாழ்க்கையில் பனியைப் பார்த்தது ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் மட்டும்தான்.

கதை நடந்த இடம் சிகாகோ. நாலு பக்கத்துக்குள் பதினோரு கொலை. அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் நீச்சல்குளம் விற்கிறவர்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மெர்வினின் மனைவி ஷெரில், அதற்கு முந்தின வருடம்தான் நீச்சல்குளம் விற்க வந்த ஒருவரோடு கெய்ர்ன்ஸுக்குப் போய்விட்டார். ஐந்தாம் பக்கத்தில் துப்பறிகிறவரையும் யாரோ சுட்டுவிட்டார்கள். கண்டுபிடிக்க ஆள் இல்லாததால் கதை அங்கேயே நின்றது.

மெர்வினுக்கு இந்த எழுத்துப் பைத்தியம் பிடித்த விதமே வேறு. தர்மக் காரியத்துக்காகப் பழைய சாமான் விற்கிற கடையில் துப்பறியும் நாவல் ஒன்று வாங்கினார். ராத்திரி பகல் பார்க்காமல் படித்துக்கொண்டே போனால் கடைசிப் பத்துப் பக்கத்தைக் காணோம். யாரோ கிழித்துவிட்டார்கள். கொலைகாரன் யார் என்று தெரியாமல் அவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், "எவனோ பண்ணினான், நானே பிடிக்கறேன்" என்று உட்கார்ந்து அந்தப் பத்துப் பக்கத்தைத் தானே எழுதினார். எழுதி முடித்ததும் பசித்தது. அன்றிலிருந்து விடவில்லை.

எழுதுவதற்கு நேரம் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். மெர்வின் சர்க்கரை ஆலையின் கரும்பு ரயிலை ஓட்டுகிறவர். ரயில் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எங்கள் கரும்பு ரயிலை நொண்டி நாய் முந்திக்கொண்டு போய், அடுத்த கேட்டில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கும். காலிப் பெட்டிகளை வயல் ஓரத்தில் விட்டு, நிறைந்த பெட்டிகளை ஆலைக்கு இழுத்து வர வேண்டும். வெட்டுகிற மெஷின் எங்கேயாவது மக்கர் பண்ணினால் பெட்டி நிறையும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் தூங்கினார்கள். மெர்வின் சிகாகோவில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மாதத்தில் முதல் வியாழக்கிழமை, மாதர் சங்கத்துக் கூடத்தில் கூடும். சங்கத்தின் தலைவர் ரஸ் டிரான்டர், கசாப்புக் கடைக்காரர். காலையில் மாட்டைத் துண்டு போடுவார், சாயங்காலம் காதல் கதை எழுதுவார். அவர் கதையில் கதாநாயகி ஒரு பெருமூச்சு விட்டால் கூடத்தின் திரைச்சீலை ஆடும். அடுத்தவர் மருந்துக்கடை கிளெனிஸ். அவர் கதையில் யாராவது டீயைக் கையில் எடுத்தால் ஆள் தீர்ந்தது, விஷம். அவர் கையால் இருமல் மருந்து வாங்கிப் போகிறவர்கள் முதலில் பூனைக்கு ஒரு சொட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று ஊரில் பேச்சு.

இன்னொருவர் நோலா ஸவோனா. எழுபது வயது. ஒரு வரி எழுதினது கிடையாது. கூடத்துச் சாவி அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். கூட்டம் முடிந்து பூட்ட வேண்டுமே என்று உட்காருவார். உட்கார்ந்தவர் சும்மா உட்காருவாரா? கம்பளி பின்னிக்கொண்டே எல்லாருடைய கதையையும் பிரித்துப் போடுவார்.

சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கதையை எழுதினவர் வாசிக்கக் கூடாது, வேறொருவர் வாசிக்க வேண்டும். எழுதினவர் வேலை டீ ஊற்றுவது. பெரிய அலுமினிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வர வேண்டும். அவர் கதையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது. கெட்டில் காலியான பிறகு ஒரே ஒரு வார்த்தை பேசலாம். அது "நன்றி". நடுவில் வாய் திறந்தால் அன்றைக்கு எல்லார் கப்பையும் அவர்தான் கழுவ வேண்டும்.

முதல் வருடம் மெர்வின் கழுவிய கப்புகளை அடுக்கினால் ஆலைப் புகைபோக்கிக்கு மேலே போகும்.

"சிகாகோ போலீஸ் எல்லாம் எங்கப்பா போச்சு? பதினோரு பேர் செத்திருக்கான், ஒருத்தன் எட்டிப் பாக்கல" என்பார் ரஸ்.

"பனியில வண்டி மாட்டிக்கிச்சு ரஸ், நான் அத எழுதல, ஆனா…"

"கப்பு" என்பார் கிளெனிஸ்.

அடுத்த மாதம், "உன் கதையில எல்லாரும் எல்லா வரியிலயும் கத்தறாங்களே, மெர்வ். ஊருக்கே காது அடைச்சிருக்கா?" என்பார் நோலா.

"அது வந்து, பக்கத்துல ஹெலிகாப்டர்…"

"கப்பு."

மெர்வினின் கை, பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி ஆனது. ரயில்கொட்டகையில் கை குலுக்கினவர்கள் திடுக்கிட்டார்கள். ஆனால் சோப்பு நுரைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். தான் பதில் சொன்ன விஷயம் எல்லாம் மறந்துபோயிருந்தது. வாயை மூடிக்கொண்டு கேட்ட விஷயம் மட்டும் வீடு வரை கூட வந்தது. வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அது அடங்க அடங்கக் கதையில் கத்தல் குறைந்தது. பிறகு ஹெலிகாப்டர் போனது. பிறகு பனியும் உருகியது.

ஒரு வியாழக்கிழமை கிளெனிஸ் ஒன்று சொன்னார். "இந்த ஆள் செத்ததுக்கு நான் ஏன், மெர்வ், அழணும்? காலையில என்ன சாப்பிடுவான்னுகூட எனக்குத் தெரியாது."

மெர்வின் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அடுத்த கதையில் சாகப்போகிற ஒவ்வொருவரும் சாவதற்கு முன்னால் வயிறாரச் சாப்பிட்டார்கள். இருபது பக்கத்தில் பதினாலு பக்கம் முட்டை, பன்றிக்கறி, வெண்ணெய் தடவின ரொட்டி. நோலா பின்னல் ஊசியைக் கீழே வைத்தார்.

"கதை எப்படின்னு தெரியல. எனக்குப் பசிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். மெர்வினும் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான், தன் கதையில் இருந்த ஒருத்தரையும் தனக்கே தெரியாது என்று புரிந்தது. தெரிந்த ஒருத்தரைப் பற்றி எழுதிப் பார்ப்போம் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் கண் முன்னால் வந்தது நோலா.

அங்கேதான் வம்பு ஆரம்பம்.

நோலாவின் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. அவர் கணவர் விக் ஸவோனா கரும்பு விவசாயி. மெர்வினின் ரயில் விடியற்காலையில் அந்தப் பக்கம் போகும்போது விக் வராந்தாவில் நின்று தொப்பியைத் தூக்கிக் காட்டுவார். ஒரு நாள் டிராக்டரில் உட்கார்ந்தபடியே விக்கின் உயிர் போய்விட்டது. அந்த வாரம் வராந்தாவில் தொப்பி இல்லாததைப் பார்த்த மெர்வினுக்கு என்னவோ போல் இருந்தது. கை தானாகப் போய் ஹார்னை இரண்டு தடவை அடித்தது. நோலா வேலி வரை ஓடி வந்து கையாட்டினார். அதிலிருந்து தினமும் இரண்டு ஹார்ன்.

அடுத்த வருடத்திலிருந்து நோலா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். தண்டவாளத்தை ஒட்டின கடைசி வரிசைக் கரும்பை வெட்டக் கூடாது. வயல் முழுக்க மொட்டையாகிவிடும். அந்த ஒரு வரிசை மட்டும் சிலுப்பிக்கொண்டு நிற்கும், சரியாகச் சவரம் பண்ணாத மீசை மாதிரி. எலிக்குச் சொர்க்கம் கட்டிவிட்டார் என்றார்கள் சிலர். விக்கின் சாம்பலை அங்கே தூவியிருக்கிறார் என்றார்கள் சிலர். யாராவது நேரில் கேட்டால், "என் கரும்பு, என் இஷ்டம்" என்று கதவைச் சாத்துவார். அந்த மறைப்பால் மெர்வினுக்கு வராந்தா தெரியாமல் போனது. ஆனாலும் கரும்பைப் பார்த்தே இத்தனை வருடமாக ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அதைத்தான் கதையாக எழுதினார். நோலாவை ரோசா ஆக்கினார். விக்கை டொமினிக் ஆக்கினார். நோலாவிடம் மூன்று கால் நாய் ஒன்று இருந்தது, அதன் பெயர் மேயர். கதையில் அதற்கு கவுன்சிலர் என்று பெயர் வைத்துவிட்டு, இனி ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியானார். காலைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்.

சிகாகோவில் பதினோரு பேரைச் சாகடித்தபோது அவருக்குக் கொட்டாவி வந்தது. இங்கே ஒரு பெண் கரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எழுதியதும் கண் கலங்கியது. இதைச் சங்கத்தில் வாசிக்க வேண்டும், வாசித்தால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும். ஆனால் நோலா இருக்கும்போது எப்படி? ஷெரில் போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு வார்த்தை கேட்காமல் பெரிய தட்டில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட லசான்யாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனவர் அவர். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட நின்றதில்லை. மெர்வின் பதிலுக்கு அவர் வீட்டுப் புல்லை வெட்டுவார். மாங்காய்க் காலத்தில் கூரையில் ஏறி வௌவாலைத் திட்டுவார். உலகத்தில் அவருக்கு மிச்சம் இருந்த ஒரே உறவு அதுதான். மூடின கதவுக்குள்ளே இருப்பதை ஊருக்கு விற்றான் என்று நோலா நினைத்துவிட்டால்?

நல்ல காலம் பிறந்தது. நோலாவுக்குக் கண்ணில் புரை. அறுவைக்காக டவுன்ஸ்வில்லில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனார். வர ஒரு மாதம் ஆகும், சாவியை ரஸ்ஸிடம் கொடுத்துவிட்டார். மெர்வின் அன்றைக்கே ரஸ்ஸிடம் போய், "இந்த வியாழன் என் கதை" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம். கெட்டில் கொதித்தது. ரஸ் கதையைக் கையில் எடுத்தார், மூக்குக் கண்ணாடியைத் தேடினார், கடையிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. கிளெனிஸ் கையை நீட்டின நேரத்தில் கதவு திறந்தது.

நோலா நின்றார். ஒரு கண் பளபளவென்று இருந்தது.

"தங்கச்சி வீட்டுல எப்பப் பாரு டிவி. மூணு நாளுக்கு மேல மனுஷன் இருப்பானா? பஸ் ஏறி வந்துட்டேன். என்ன ரஸ், கண்ணாடி இல்லையா? இங்க கொடு. புதுக் கண்ணு போட்டுட்டு வந்திருக்கேன், இன்னும் ஒண்ணும் வாசிச்சுப் பாக்கல."

நோலா காகிதத்தை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, கணீரென்று ஆரம்பித்தார்.

முதல் பத்தியிலேயே ரஸ்ஸுக்குப் புரிந்துவிட்டது. வாயில் போட்ட கேக் அப்படியே நின்றது, மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கிளெனிஸ் கூரையில் இருந்த பல்லியைப் பார்க்க ஆரம்பித்தார். பல்லிக்கே கூச்சம் வந்து நகர்ந்தது. நோலா மட்டும் அசையாமல் வாசித்துக்கொண்டே போனார். வெட்டாத வரிசை வந்தது. விதவை வந்தாள். முழுநிலவில் அந்த விதவை கரும்பைக் கட்டிப்பிடித்து அழுதாள். பக்கத்தில் நாய் ஊளையிட்டது.

"பாவம், இந்த நாய்க்கும் மூணே காலா" என்று சொல்லிவிட்டு நோலா பக்கத்தைத் திருப்பினார்.

கதை முடிந்தது. வெளியே ஆலையின் சங்கு ஊதி ஓய்ந்தது.

ரஸ் ஒருவழியாகக் கேக்கை விழுங்கினார். "தலைப்பு… தலைப்பு நல்லா இருக்கு."

"பக்க நம்பர் எல்லாம் வரிசையா போட்டிருக்கான்" என்றார் கிளெனிஸ்.

"என்னப்பா இது, ரெண்டு பேரும் நாக்க வீட்டுல காயப் போட்டுட்டு வந்தீங்களா? அப்ப நான் சொல்றேன்" என்றார் நோலா. "மெர்வ், எனக்கு டீ."

மெர்வின் போனார். ஊற்றினார்.

"முதல்ல, இந்த முழுநிலா. நம்ம ஊர்ப் பொம்பளை எவளாவது ராத்திரியில கரும்புக்குள்ள போவாளா? டைபான் பாம்பு கடிச்சா, புருஷனை அங்கேயே நேர்ல பாத்துடலாம். அழணும்னா அடுப்படியில நின்னு வெங்காயம் நறுக்கிக்கிட்டே அழுவா. ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான்."

ரஸ் தலையை ஆட்டினார். ஆட்டினதே தப்போ என்று நிறுத்தினார்.

"ரெண்டாவது, இவ ரொம்ப நல்லவ. பத்துப் பக்கத்துல ஒருத்தரைக்கூடத் திட்டல. குத்தகைக்காரன் வேலியை உடைக்கிறான், இவ சிரிச்சுக்கிட்டே நிக்கறா. நானா இருந்தா… யாரா இருந்தாலும் அவன் பல்லை எண்ணச் சொல்லிக் கையில கொடுத்திருப்பா."

மெர்வின் கிளெனிஸ் கப்புக்கு நகர்ந்தார்.

"மூணாவதுதான் பெரிய தப்பு. இந்த வரிசை எதுக்கு? புருஷன் ஞாபகமாம். புருஷனை நினைக்கக் கரும்பு எதுக்கு? அவர் பூட்ஸ் வாசப்படியில இன்னும் கிடக்குதே. அதாவது, கிடக்கும். அத மிதிச்சுத் தடுக்கிக்கிட்டுத்தான் தினம் போவா வருவா. ஒருத்தி ஊர் சிரிக்க ஒரு காரியம் பண்றான்னா வலுவா ஒரு காரணம் வேணும். இங்க அது இல்ல. எழுதினவனுக்குத் தெரியல, அதான் நிலாவைக் கொண்டாந்து ஒட்டியிருக்கான்."

மெர்வினுக்குக் காது சூடானது. உண்மைதான். காரணம் அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் நிலாவைத் தொங்கவிட்டிருந்தார்.

நோலா காகிதத்தை மறுபடி புரட்டினார். "பக்கத்துல தண்டவாளம் ஓடுதுன்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்கு. தண்டவாளம்னா ரயில் வரும். ரயில்னா அத ஓட்ட ஒரு ஆள் இருப்பான். எங்க அவன்? பத்துப் பக்கத்துல ஆளையே காணோம்."

கெட்டில் ஊற்றிக்கொண்டே இருந்தது.

"நான் சொல்றேன் கேளுங்க. அந்த ரயில்காரன் நல்லவன். டொமினிக் செத்ததுலேர்ந்து தினம் விடியக்காலம் ரெண்டு ஹார்ன் அடிப்பான். முதல் நாள் ரோசாவுக்குச் சந்தோஷமா இருந்துச்சு, வேலி வரைக்கும் ஓடிப் போய்க் கையாட்டினா. மறுநாளும் ஓடினா. அப்புறம் தினம் ஓடணும். தினம் முகத்தைக் கழுவி, சிரிச்ச மூஞ்சியா மாத்திக்கிட்டு நிக்கணும். ஒருநாள் சிரிப்பு வரலைன்னா அவன் கவலைப்படுவான். ரயிலை நிறுத்திட்டு இறங்கி வந்துருவான், அவன் அப்படிப்பட்ட ஆளு. ஆலையே நின்னுபோகும். சரி, ஹார்ன் அடிக்காதேன்னு சொல்லிடலாமா? அதுக்கும் மனசு வரல. ஏன்னா அந்தச் சத்தம் கேட்டாத்தான் இவ படுக்கையை விட்டு எழுந்திருப்பா. அது இல்லன்னா எழுந்திருக்க ஒரு காரணமும் கிடையாது. அதனால நடுவுல ஒரு வரிசைய விட்டுட்டா. சத்தம் வரும். மூஞ்சி தெரியாது. அவ்வளவுதான் விஷயம்."

"மெர்வ்" என்றார் கிளெனிஸ் மெதுவாக. "கப்பு நிறைஞ்சிருச்சு."

கப்பு நிறைந்து, சாஸர் நிறைந்து, மேஜைவிரிப்பு நனைந்து, டீ கிளெனிஸின் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. மெர்வின் வாயைத் திறந்தார். கிளெனிஸ் ஒரு விரலைத் தூக்கினார். மெர்வின் வாயை மூடினார். அவ்வளவு வருடம் கப்புக் கழுவிப் பழகின வாய் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது. பேசியிருந்தால் என்ன உளறியிருப்பாரோ, அழுதே இருப்பார்.

"இப்படி எழுதியிருந்தா நான் நம்பியிருப்பேன்" என்று நோலா காகிதத்தை மடித்து வைத்தார்.

கெட்டில் காலியானது. மெர்வின் "நன்றி" என்றார். கிணற்றுக்குள்ளிருந்து தவளை சொன்ன மாதிரி இருந்தது.

ரஸ்ஸும் கிளெனிஸும் தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுகிறவர்கள் மாதிரி கிளம்பினார்கள். சட்டப்படி மெர்வினுக்கு அன்றைக்குக் கப்புக் கிடையாது. ஆனாலும் அவர் போய்க் குழாயடியில் நின்று கழுவினார். நோலா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.

"நோலா, நான் வந்து…"

"மூணு கால் நாயை வெச்சுக்கிட்டுப் பேரை மட்டும் மாத்தினா தெரியாதா? எனக்குக் கண்ணுல புரை இருந்துச்சு கண்ணு, மூளையில இல்ல."

"கோவமா?"

"கோவம்தான். எழுதறதுக்கு முன்னால என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். லசான்யா தட்டைத் திருப்பிக் கொடுக்க வருவல்ல, அப்பக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா கதவைச் சாத்துவீங்களே."

"சாத்துவேன். நீ ரெண்டு தடவை தட்டியிருக்கணும். ஹார்னை மட்டும் ரெண்டு தடவை அடிக்கத் தெரியுது."

மெர்வின் ஒரே கப்பை மறுபடி மறுபடி துடைத்தார். கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும்.

"நாளைக்கு ஹார்ன் அடிக்கட்டுமா, வேண்டாமா?"

நோலா விளக்கை அணைத்தார். இருட்டிலிருந்து குரல் வந்தது. "அடிக்கலைன்னா ஆலைக்குப் போன் பண்ணி, உங்க ஓட்டுநர் தூங்கறான்னு சொல்லுவேன்."

மறுநாள் காலை ரயில் அந்த வீட்டை நெருங்கியபோது மெர்வின் எட்டிப் பார்த்தார். வரிசைக் கரும்பு அப்படியே நின்றது. இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். ஒன்றும் இல்லை. பெட்டிகள் பாதி கடந்துவிட்டன. அப்போது கரும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து டங், டங் என்று இரண்டு சத்தம். யாரோ பெரிய பாத்திரத்தைக் கரண்டியால் அடித்தார்கள். லசான்யா தட்டாக இருக்க வேண்டும், சத்தத்தில் அந்தக் கனம் இருந்தது. மேயர் குரைத்தது.

அன்றைக்கு மெஷின் மக்கர் பண்ணவே கூடாது என்று எல்லாரும் வேண்டிக்கொண்டிருந்தபோது, மெர்வின் மட்டும் மக்கர் பண்ணட்டும் என்று வேண்டினார். பண்ணியது. உட்கார்ந்து எழுதினார். நிலாவை இறக்கினார். வெங்காயத்தை நறுக்கவைத்தார். ரயிலை ஓட்டுகிறவனைக் கொண்டுவந்தார். அவன் வெறும் கரும்புக்கு ஹார்ன் அடிக்கிறான், அந்தப் பக்கம் ஒருத்தி அதைக் கேட்டு எழுந்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. ஆறு தடவை கிழித்தார், ஏழாம் தடவை எழுதினார். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கதவை இரண்டு தடவை தட்டிக் கேட்டார். நோலா, "நாய்க்கு நாலு காலும் கொடு, அதுக்காவது கதையில நல்லது நடக்கட்டும்" என்றார். மற்றதற்கெல்லாம் சம்மதம் என்று அர்த்தம்.

அடுத்த முதல் வியாழன் ரஸ் கண்ணாடியோடு வந்தார். அவர்தான் வாசித்தார். பெருமூச்சு விடாமல் வாசித்தார், அதுவே பெரிய மரியாதை. கிளெனிஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, தூசி என்றார். இத்தனை வருடத்தில் விஷம் இல்லாத கதைக்கு அவர் மூக்குச் சிந்தியது அதுதான் முதல் தடவை.

மெர்வின் கெட்டிலோடு சுற்றினார். ஒவ்வொரு கப்பிலும் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினார். அந்த மேஜையைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சிகாகோ நினைவு வந்தது. அங்கே பதினோரு பிணத்தோடு தனியாக நின்றவரை, ஹெலிகாப்டரைப் பிடுங்கி, பனியைப் பிடுங்கி, கையில் சோப்பைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தவர்கள் இந்த மூன்று பேர்தான்.

"நோலா, நீங்க சொல்லுங்க" என்றார் ரஸ்.

நோலா ஊசியைப் பின்னலில் குத்தி வைத்தார். "பரவாயில்ல. ரோசா சரியா இருக்கா. ஆனா இப்ப ரயில்காரன் ரொம்ப நல்லவனாயிட்டான். நிஜத்துல அவன் அவ்வளவு நல்லவன் கிடையாது. புல் வெட்ட வந்தா ஓரம் ஓரமா விட்டுட்டுப் போவான்."

"நன்றி" என்றார் மெர்வின்.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கிளெனிஸ் கெட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். உள்ளே டீ தளும்பியது.

"இன்னும் பாதி இருக்கே, மெர்வ். கப்பு."

மெர்வின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.